இரவல் ஜன்னல்

ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்கு எதிரே இருக்கிற என் சாப்பாட்டுக் கடையில் நான்கே மேசைகள். நான்கும் எங்கள் தீவுகளில் வளர்கிற படாக் மரத்தில் செய்தவை. துடைக்காத மேசையில் ஒருநாள் இலை போட்டேன் என்று இந்தத் துறைமுகத்தில் எவராவது சொல்லட்டும், அன்றைக்கே அடுப்பை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். படிப்பு எனக்குக் குறைவு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் மேசையும் இலையும் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒருநாள், பக்கத்துத் தீவுக்குப் போகிற படகு கிளம்பத் தாமதமாகிவிட்டது. ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் நனைந்துகொண்டே உள்ளே வந்தார்கள். "அந்த மூலை மேசையைத் துடைச்சு விடும்மா" என்று என் மகளிடம் சொன்னேன். அவ்வளவுதான். அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த அம்மாள் மேசையைத் தட்டி "மேசா" என்றாள். அவர் தன் நெஞ்சில் கையை வைத்து "மேசா" என்றார். பிறகு இருவரும் மாறிமாறி மேசையைத் தட்டிச் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னடி, மேசை ஆடுதாமா?" என்றேன்.

மகளுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். "ஆடலம்மா. அவரு ஸ்பெயின்காரரு. அந்தம்மா பக்கத்து நாடு, போர்ச்சுகல். ரெண்டு பேரு பாஷையிலயும் இதுக்கு மேசாதானாம். எழுத்துக்கூட ஒண்ணேதானாம். நீ மேசைன்னு சொன்னது காதுல விழுந்துருச்சு. எங்க வார்த்தை உங்க வீடு வரைக்கும் வந்திருக்குங்கிறாரு அவரு. உங்களுது எங்கய்யா, எங்க கப்பல்தானே இங்க வந்துச்சுங்கிறாங்க இந்தம்மா. யாருதுன்னு சண்டை."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். மகளுக்குக் காரணம் தெரியாது. "இந்தச் சண்டை எங்க வீட்டுல எப்பவோ நடந்து முடிஞ்சுதுன்னு அவங்ககிட்டச் சொல்லு. ஒரு கப்பலே போயிருச்சுன்னு சொல்லு" என்றேன்.

அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். அப்பாவுக்கு இதே ஃபீனிக்ஸ் பேயில், கப்பல் பட்டறையில் ஃபிட்டர் வேலை. டெலானிபூர் மேட்டில் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு கூடம், ஓர் அடுப்படி. கூடத்து ஜன்னலைத் திறந்தால் முதலில் எதிர்வீடு தெரியும், அதற்குப் பின்னால் சரிவில் கடல் தெரியும். எதிர்வீட்டில் வங்காளிகள் இருந்தார்கள். அந்த வீட்டு அம்மாளை எல்லாரும் மாஷி என்பார்கள். சின்னம்மா என்று அர்த்தம். கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசனை அங்கிருந்து வந்தால் என் அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். மீன் பொரியாத நேரம் அந்த வீட்டில் கிடையாது. ஆகவே எங்கள் ஜன்னலும் திறந்த நேரம் கிடையாது.

அம்மா ராமநாதபுரத்துப் பக்கம். ஊரில் கிணற்றடிக்குப் போனால் தண்ணீர் எடுக்க ஒரு நிமிடம், பேச ஒரு பொழுது என்று இருந்தவள். இங்கே குழாயடியில் வங்காளியும் தெலுங்கும் இந்தியும் ஓடின. தமிழ் ஓடவில்லை. "காத்துக்கூட இங்க இந்தியிலதான் அடிக்குது" என்பாள். ரேஷன் கடையில் விரலை நீட்டிக் காட்டித்தான் பருப்பு வாங்க வேண்டியிருந்தது. ஒருநாள் கடைக்காரன் அவள் விரலைப் போலவே தன் விரலை நீட்டிக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்துவிட்டான். அன்றிலிருந்து கடைக்கு அப்பாதான் போனார். அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பேச்சு குறைந்தது. பேச்சு குறைந்ததும் சாப்பாடு குறைந்தது.

கடைசியில் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். "அடுத்த கப்பலுக்கு என்னையும் பிள்ளையையும் ஏத்தி விட்ருங்க. நீங்க லீவு கிடைக்கிறப்ப வாங்க."

அப்பா எதிர்த்துப் பேசுகிற ஆளில்லை. போய் எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்து வந்தார்.

எனக்குக் கடலுக்கு அந்தப் பக்கத்து மெயின்லேண்ட் என்றால் என்னவென்றே ஞாபகமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சாயங்காலம்தான். பட்டறைச் சங்கு ஊதியதும் மேட்டிலிருந்து ஓடி இறங்குவேன். அப்பா வளைவில் வருவார். அவர் கையிலிருந்து தூக்குவாளியை வாங்கிக்கொள்வேன். சில நாள் அது கலகலவென்று ஒலிக்கும். திறந்து பார்த்தால் தேய்ந்துபோன பேரிங்கிலிருந்து கழற்றிய இரும்புக் குண்டுகள் இருக்கும், கோலி விளையாட. ஒலிக்காத நாளும் நல்ல நாள்தான், அப்பா என்னையே தூக்கிக்கொள்வார். இனி தூக்குவாளியை யார் வாங்குவார்கள் என்று நான் கேட்டதற்கு, "நானே கொண்டாந்துக்குவேம்மா" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. கப்பல் வராமல் இருக்க வேண்டும் என்று தெரிந்த சாமிகளிடமெல்லாம் சொல்லி வைத்தேன். சாமிகளோ மெயின்லேண்டில் இருந்தன.

இனி என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. ரோடு போடுகிற காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே இந்தி, வங்காளி, தெலுங்கு என்று எல்லாவற்றிலும் கேலி பேசக் கற்றுக்கொண்டவர். சும்மா இருக்கிற பூனையைக்கூடச் சீண்டாமல் தாண்டிப் போக மாட்டார்.

அம்மாவின் பெருமை ஒன்று உண்டு. இரவல் வாங்க மாட்டாள். அவள் பிறந்த வீட்டில் அது சட்டம். தவறிப்போய் ஒரு பாத்திரம் வாங்கினாலும் அதை வெறுமையாகத் திருப்பக் கூடாது. உள்ளே ஒரு கைப்பிடி ஏதாவது வைத்துத்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. வீடு மாறும்போது, மூட்டையை வெளியே எடுப்பதற்கு முன்னால், அந்த வீட்டுப் பொம்பளை வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்து மூன்று முறை கேட்க வேண்டும்: "எங்க வீட்டுல உங்க பொருள் ஏதும் தங்கியிருக்கா?" தங்கியிருக்கிறது என்று யாராவது சொன்னால், அதைத் தீர்க்காமல் படி இறங்கக் கூடாது. இறங்கினால் போகிற இடத்தில் அடுப்பு பற்றாது என்பார்கள்.

கப்பலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மாமா மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டில் மீன் பொரிந்தது.

"ஜன்னலைச் சாத்துடி" என்றாள் அம்மா என்னிடம். பிறகு மாமாவிடம், "இங்க வந்து இத்தனை நாளாச்சு. ஒருத்தர் வீட்டு உப்பு ஒரு கல்லு இந்த வீட்டுக்குள்ள வந்ததில்ல தெரியுமா? தலை நிமிந்து போவேன்" என்றாள்.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "இப்ப என்னத்தக்கா சாத்தச் சொன்ன?"

"ஜன்னலை."

"அது எதிர்வீட்டுக்காரங்களுது."

"என்னடா உளறுற?"

"அவங்கதான் ஜானாலாங்கிறாங்க. அங்கிருந்து எடுத்துத்தான் நாம புழங்குறோம். உன் இடுப்புல தொங்குதே, அது என்ன?"

"சாவி."

"சாபி. அதுவும் அவங்களுது. அந்தா நிக்குதே அலமாரி, அதுவுந்தான். உன் ரவிக்கைப் பொத்தானை அவுங்க பொதாம்ங்கிறாங்க. வீடு முழுக்க இரவல வச்சுக்கிட்டு உப்புக்கல்லப் பத்திப் பேசுற."

"வேலையத்தவனே, சோத்தைத் தின்னு" என்று அம்மா அவர் தலையில் கரண்டியால் ஒன்று தட்டினாள். இருவருக்கும் அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. ஜன்னலைப் பார்த்தேன், சாவியைப் பார்த்தேன். நம் வீட்டிலேயே இருந்துகொண்டு, நம்முடையது மாதிரி நடித்துக்கொண்டு, இத்தனை அந்நியப் பொருள்களா என்று திகைப்பாக இருந்தது. இரவில் தூங்குவதற்குள் வேறொன்றும் தோன்றியது. இரவல் பொருள் வீட்டில் இருந்தால் படி இறங்கக் கூடாதே. அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

கப்பல் புறப்படுகிற நாள் வந்தது. வெளுத்த வெயில். டிரங்குப் பெட்டியைத் தூக்கிப் போக ஜீப்பைக் கூட்டி வர அப்பா கீழே போயிருந்தார். மாமா பாயைச் சுருட்டிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். வழிக்கென்று அம்மா பொரிவிளங்காய் உருண்டை பிடித்து ஒரு சொம்பில் நிரப்பி வைத்திருந்தாள். கண்டாங்கிச் சேலையை இறுக்கிச் சொருகிக்கொண்டு வாசற்படியில் போய் நின்றாள்.

"எங்க வீட்டுல உங்க பொருள் ஏதும் தங்கியிருக்கா?"

எதிர்வீட்டுக் கோழி ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டாவது முறையும் கேட்டாள். பக்கத்து வீட்டுத் தெலுங்கக்கா துணி உதறிக்கொண்டிருந்தவள், யாரைத் திட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மூன்றாவது முறை இன்னும் சத்தமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அக்கா, வா" என்றார் மாமா. "யாரு பதில் சொல்லப் போறா? இந்த மேட்டுல யாருக்குத் தமிழ் தெரியும்?"

"பொறுடா. கேட்டா நிக்கணும்" என்றாள் அம்மா, திரும்பாமல்.

நின்றுகொண்டே இருந்தாள். நான் அவள் பின்னால் போய் நின்றேன். "இருக்கு" என்றேன்.

அம்மா மெல்லத் திரும்பினாள். "என்னடி இருக்கு?"

"ஜன்னல். சாவி. அலமாரி. பொத்தான். எல்லாம் மாஷி வீட்டுது. மாமாதான் சொன்னாங்க."

மாமா விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். முதுகில் ஒன்று விழப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"கேட்டாச்சு. பதிலும் வந்தாச்சு" என்றாள் அம்மா. "எந்திரிடா. நீதான இழுத்து விட்ட. வந்து அந்தம்மாகிட்ட அவளுக்குப் புரியிற பாஷையில சொல்லு."

பொரிவிளங்காய்ச் சொம்பை எடுத்துக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்கு நடந்தாள். அந்தப் பாதையை அவள் தாண்டியது அதுதான் முதல் தடவை.

மாஷி தரையில் உட்கார்ந்து, அரிவாள்மணையைக் காலால் அழுத்திக்கொண்டு மீன் அரிந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். அம்மா சொம்பை அவள் முன்னால் வைத்தாள்.

"என்னன்னுக்கா சொல்றது?"

"உள்ளதச் சொல்லு. ஜன்னல்ங்கிற பேரு உங்களுதாமே, எங்களுதுன்னு நினைச்சுப் புழங்கிட்டோம். உங்களுதுன்னா இந்தா, வெறுங்கையாத் திருப்பல. எங்களுதுன்னா அதையும் வாயத் தொறந்து சொல்லிருங்கன்னு கேளு."

மாமா இந்தியில் சொன்னார். மாஷி சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு யோசித்தாள். தன் வீட்டுப் பசுவை அடையாளம் சொல்வது போலச் சொன்னாள்.

"ஜானாலா தோ ஹமாரா ஹை." ஜன்னல் எங்களுடையதுதான். பிறகு முகவாயை உயர்த்தி, "சாபி பி ஹமாரா" என்றாள். சாவியும்தான்.

எங்களுடையது இல்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் நாங்கள் கப்பல் ஏறியிருப்போம். ஆனால் இப்படி எளிதாக ஒருத்தி உரிமை கொண்டாடினால் அம்மா விடுவாளா?

"எங்க பாட்டன் கட்டின வீட்டுல தெருவைப் பாத்து வரிசையா ஜன்னல். இந்தம்மாவோட பாட்டன் வந்தா மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு? கேளுடா!"

மாமா ஒரு சொல் விடாமல் கேட்டார். மாஷி எழுந்துவிட்டாள். ஜன்னலைத் தட்டிக் காட்டி வங்காளியில் பொழிந்தாள். அம்மா இடுப்புச் சாவியை அவிழ்த்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டித் தமிழில் பொழிந்தாள். மாமா நடுவில் நின்று, இருவரும் சொன்னதற்குக் கொஞ்சம் காரம் சேர்த்து அங்குமிங்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் தெலுங்கக்கா ஈரத்துணியோடு ஓடி வந்தாள். என்ன விஷயம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், மாஷியின் அலமாரியில் கையை வைத்து, "அல்மாராவா? அதி மாதி!" என்றாள். அது எங்களுடையதாக்கும்! பிறகு தன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, "பொத்தாம் கூடா மாதே!" என்றாள். இதுவும்தானாம்.

அந்தச் சின்ன அறையில் அவர்கள் ஒவ்வொரு சாமானாகத் தொட்டுத் தொட்டு நகர்ந்தார்கள். சில சாமானுக்கு மூன்று பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். அப்போது சண்டை பெரிதாகும். சிலதுக்கு ஆளுக்கொரு பெயர். அப்போது மூன்று பேருக்கும் ஏமாற்றமாக இருக்கும், சீக்கிரம் அடுத்த சாமானுக்குப் போவார்கள். இடையில் மாஷி ஒரு பொரிவிளங்காயைக் கடித்துப் பார்த்தாள். பல்லுக்கு அசையவில்லை. அதை அரிவாள்மணையில் வைத்து இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள். அம்மா அதை வாயில் அடக்கிக்கொண்டே பதில் சொன்னாள். ஊர்க் கிணற்றடியில் அவளுக்கு இருந்த முகம் இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் மாஷி எதையோ தணிந்த குரலில் சொன்னாள். மாமா மொழிபெயர்க்கவில்லை.

"என்னடா சொல்றா?"

மாமாவின் கேலி எங்கோ போயிருந்தது. "அவங்க வீடு கிழக்கு வங்காளத்துல இருந்துச்சாம். ஆத்தைப் பாத்த வீடாம். காலையில ஜன்னலைத் தொறந்தா ஓடம் போறது தெரியுமாம். எல்லாத்தையும் போட்டுட்டு உடுத்துன சேலையோட வந்தாங்களாம். வீடும் போச்சு, ஆறும் போச்சு, பேரு ஒண்ணுதான் கூட வந்துச்சு, அதையும் உங்களுதுங்கிறீங்களேன்னு கேக்கறாங்க."

தெலுங்கக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். அம்மா வாயிலிருந்த உருண்டையை மென்று விழுங்க வெகுநேரம் பிடித்தது.

"ஜன்னலை அவளையே வச்சிக்கிடச் சொல்லு" என்றாள் அம்மா. "நான் கேக்க மாட்டேன். நல்லா வச்சிக்கிடட்டும்."

மாமா சொன்னார். மாஷி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா சாவியை விட மாட்டேன்" என்றாள் அம்மா. "அதையும் சொல்லு."

மாஷி பக்கென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "சாபி ஹமாரா!" என்று கத்தினாள். சண்டை முன்னைவிட உற்சாகமாகத் தொடங்கியது.

அப்பா ஜீப்போடு வந்து சேர்ந்தபோது அவர் கண்டது இதைத்தான். வாசலில் நின்று, "கப்பலுக்கு நேரமாச்சு" என்றார். ஒருவருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னார்.

அம்மா திரும்பி, புரியாதவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். "இருங்க. சாவி யாருதுன்னு தெரியாம நான் எப்படி வீட்டைப் பூட்டிட்டு வர்றது?"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் வாசலுக்குப் போய் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். நானும் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஜீப்காரர் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

கப்பலின் சங்கு ஊதியது. மேடு முழுவதும் அதிர்ந்த மாதிரி இருந்தது. மாஷி கடல் பக்கத்து ஜன்னலை நன்றாகத் திறந்து விட்டாள். அம்மாவும் மாஷியும் தெலுங்கக்காவும் அந்த ஒரே ஜன்னலில் தலையை நெருக்கிக்கொண்டு, கப்பல் திரும்பி வெளிக்கடலுக்குப் போவதைப் பார்த்தார்கள். யாருடைய ஜன்னல் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பு அன்று ஒருவழியாக ஆனது. ஜன்னல் மாஷிக்கு, சாவி அம்மாவுக்கு, அலமாரி தெலுங்கக்காவுக்கு. மற்றதெல்லாம் வழக்கில் நின்றது. அம்மாவின் சொம்பு மாஷி வீட்டிலேயே தங்கிவிட்டது. மறுநாள் தேங்காய் உருண்டை வந்தது, ஆனால் எங்கள் சொம்பில் இல்லை. மாஷியின் பித்தளைக் கிண்ணத்தில் வந்தது. ஆக, எங்கள் பாத்திரம் அங்கே, அவர்கள் பாத்திரம் இங்கே. அம்மா அந்தக் கிண்ணத்தை விளக்கி அடுப்படி அலமாரியில் எடுப்பாக வைத்தாள். திருப்பிக் கொடுக்க அவசரப்படவில்லை. இரவல் பொருள் வீட்டில் இருக்கிறதே என்று நான் ஞாபகப்படுத்தினேன். "இருந்துட்டுப் போகுது, உனக்கென்னடி?" என்றாள்.

எங்கள் ஜன்னலும் அதன்பின் சாத்தப்படவில்லை. மீன் பொரிகிற வாசனையோடு மாஷியின் குரலும் உள்ளே வந்தது. அம்மாவுக்கு இந்தி வந்தது இலக்கணத்தால் அல்ல, வாக்குவாதத்தால். ஒருநாள் அவளே ரேஷன் கடைக்குப் போனாள். விரலை மடக்கிக்கொண்டு, அரிசியில் கல் எவ்வளவு, கல்லில் அரிசி எவ்வளவு என்று அந்தக் கடைக்காரனை இந்தியில் கேட்டுவிட்டு வந்தாள். நான் கூடப் போயிருந்தேன். அந்த நடை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. என் நடையும் அதுதான் என்பார்கள்.

இந்தக் கதையை என் மகள் அந்த வெள்ளைக்காரர்களுக்கு இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் மழை விட்டிருந்தது. அந்த அம்மாள் எதையோ சொன்னாள். மகள் தன் போனிலும் தேடிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, சாவி, ஜன்னல், அலமாரி, பொத்தான், இந்த மேசை எல்லாமே இவங்க ஊருக் கப்பல்ல வந்து இறங்குனதுதானாம். பல நூறு வருஷம் முந்தி. நாம ஒரு கரையில எடுத்துக்கிட்டோம், வங்காளிங்க ஒரு கரையில எடுத்துக்கிட்டாங்க."

"அப்ப மேசை இந்தம்மாவோடதா? அவரு தோத்துட்டாரா?"

"நமக்கு வந்தது இந்தம்மா கப்பல்ல. ஆனா அவங்க ரெண்டு பேருக்குமே அது ஒரு பழைய பாஷையில இருந்து வந்ததாம். ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைங்க மாதிரி. அந்தப் பாஷைய இப்ப வீட்டுல பேசுறவங்க யாரும் இல்லையாம்."

"அதுக்கு முந்தி?"

"அது சரியாத் தெரியலையாம்மா."

மாஷியும் அம்மாவும் இதைக் கேட்க இல்லையே என்று இருந்தது. கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள், அது வேறு. உரிமைக்காரி என் கடைக்கே வந்து தோசை தின்றுகொண்டிருக்கிறாள். சும்மா அனுப்பலாமா? மாஷியிடம் கற்றுக்கொண்ட தேங்காய் உருண்டையை ஒரு கிண்ணத்தில் வைத்து அவள் முன்னால் வைத்தேன். "இத்தனை காலம் உங்க ஜன்னலப் புழங்கிட்டோம்னு சொல்லு" என்றேன். அவள் ஒன்றைத் தின்றாள், இன்னொன்றைப் புருஷனுக்கு ஊட்டினாள். பிறகு மூடியிருந்த பலகையைக் காட்டி, "ஜனேலா" என்றாள். நான் எழுந்து போய்த் திறந்து விட்டேன். காற்று வந்தது. துறையில் படகுச் சங்கு ஊதியது.

அவர்கள் போன பிறகு வெகுநேரம் அங்கேயே நின்றேன். அன்றைக்குக் கப்பலைத் தவறவிட்டது என் ஒரு சொல்லால்தான் என்று நான் காலமெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள். அப்பாவின் தூக்குவாளி எனக்கு மிஞ்சியதும் அந்தச் சொல்லால்தான் என்று நினைத்திருந்தேன். இப்போதும் அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒன்று. அந்த மேட்டில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். அது அம்மாவுக்கும் தெரியும். அப்படியிருக்க, மூன்றாவது முறை கேட்டுவிட்டு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அத்தனை நேரம் அவள் யாருடைய பதிலுக்காகக் காத்து நின்றாள் என்பது அந்த ஏழு வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.